கட்டிலோரம் பாடுகிறவர்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்து. காலம் ஏழாம் நூற்றாண்டு என்பது பலரும் ஏற்ற முடிவு. ஏழு கிராம ராகங்களுக்குச் சுரக்கோவை வகுத்துத் தந்த அரசர், தம்மை உருத்திராசாரியாரின் மாணவர் என்று சொல்லிக்கொள்கிறார்; மாணவர் நன்மைக்காகவே இதைச் செய்ததாகவும் குறிக்கிறார். எந்த ராகம் எந்த நோயைத் தீர்க்கும் என்று அந்தப் பாறையில் ஒரு சொல்கூட இல்லை.

இசைச் சிகிச்சை என்று பேச்செடுத்தாலே நம்மிடையே ராகத்துக்கு ஒரு நோய் என்ற பட்டியல் வந்துவிடுகிறது. சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர, முத்துசுவாமி தீட்சிதர் அடாணாவில் குரு பகவான்மேல் கிருதி செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எனக்கு மிகப் பிடித்த கதை. ஆனால் அதில் அடாணாவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டோம். துன்பப்படுகிற ஒருவரை நன்கு அறிந்த இன்னொருவர், அவருக்கென்றே ஒரு பாட்டைச் செய்தார். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மேல்நாட்டில் இந்தத் துறைக்கு வழி போட்டவர்களில் பலர் மேடைக் கலைஞர்களே. 1944இல் அமெரிக்காவின் மிச்சிகனில் முதல் பட்டப்படிப்பு தொடங்கியது. பிரிட்டனில் 1958இல் இசைச் சிகிச்சைச் சங்கம் கண்ட ஜூலியட் ஆல்வின் செல்லோ கலைஞர். பால் நார்டாஃப் இசையமைப்பாளர், பியானோ கலைஞர். 1959இல் கிளைவ் ராபின்ஸோடு சேர்ந்து, பேச்சு வராத குழந்தைகளின் அழுகைக்கும் கூச்சலுக்கும் ஈடுகொடுத்துப் பியானோ வாசித்தார். நம் பக்கத்தில் கர்நாடக இசைப் பாடகி சுமதி சுந்தர் இந்த வழிக்கு வந்தவர். புதுச்சேரி மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இசைச் சிகிச்சைக் கல்விக்கும் ஆய்வுக்குமான மையத்தை வழிநடத்தியவர். மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே இசைக்கு ஓர் இடம் கிடைத்தது பெரிய செய்தி.

பாடகர் நோயாளியின் கட்டிலோரத்துக்குப் போய்ச் சேர, கற்றதில் பாதியைக் கீழே இறக்கிவைக்க வேண்டும். மேடையில் சுருதி அவருடையது. கட்டிலோரத்தில் நோயாளியின் மூச்சுதான் சுருதி, அதன் வேகம்தான் காலப்பிரமாணம். கல்பனாஸ்வரம் அங்கே யாருக்கும் தேவைப்படாது. மூளையின் இடப்பக்கம் பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த சிலரால், பழகிய பாட்டைச் சொல்லோடு பாட முடிகிறது. இதைப் பிடித்துக்கொண்டு 1973இல் பாஸ்டனில் ஒரு முறையை உருவாக்கினார்கள். ‘தண்ணி வேணும்’ என்பதை இரண்டே சுரங்களில், இடது கையால் தட்டிக்கொண்டு பாடவைத்து, பிறகு மெல்ல மெல்லப் பாட்டை உதிர்த்துப் பேச்சை மட்டும் நிற்கவைப்பார்கள். நூறு முறை அதே இரண்டு சுரம். ஆலாபனைக்குப் பழகிய தொண்டைக்கு இதைவிடக் கடினமான சாதகம் இருக்காது.

பலன் உண்டா? புற்றுநோயாளிகளிடம் நடந்த 81 ஆய்வுகளை, 5,576 பேரின் தரவுகளை, 2021இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பெரியவர்களிடம் பதற்றமும் வலியும் சோர்வும் குறையக்கூடும் என்றது. கட்டி கரையும் என்று சொல்லவில்லை. 2017இல், ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் செய்த சோதனையில், அறிகுறிகளின் கடுமையைக் குறைப்பதில் இசைச் சிகிச்சை குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காட்டவில்லை. இந்த இரண்டாவது முடிவையும் மறைக்காமல் சொல்கிறவரே நம்பத்தக்க சிகிச்சையாளர். மருந்தை நிறுத்து, ராகம் கேள் என்பவரிடம் யாரும் போகவேண்டாம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்த வேலை பொருந்தும். கஞ்சிராவை வடிவமைத்த மான்பூண்டியா பிள்ளையின் ஊர் புதுக்கோட்டை. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, இசையும் நடனமும் வளர்த்த குலத்துத் தாயின் மகள். மருத்துவராகி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானவர். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் தெரிந்த கிழவிகள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். பேச்சிழந்த ஒரு விவசாயிக்குப் பழகிய பாட்டு சபா கீர்த்தனையாக இருக்காது, அவர்கள் பாடுவதாகத்தான் இருக்கும்.

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இசைப்பள்ளி ஆசிரியர் ஒருவரும் பக்கவாதப் பிரிவு மருத்துவர் ஒருவரும் வாரத்தில் ஒரு பிற்பகல் சேர்ந்து உட்காரட்டும். கிராமத்துப் பாட்டிகளின் பாட்டைப் பதிவு செய்வதிலிருந்து தொடங்கட்டும்.