இரண்டு வெள்ளிப் பொட்டுகள்

1952-இல் ரேமண்ட் ஸ்டெகெமன் வடிவமைத்த ரே-பான் வேஃபேரர் கண்ணாடியைப் பார்க்கிறவர்கள், புருவம்போல் மேலேறும் அதன் ஓரங்களில் மயங்குவார்கள். எனக்கு அந்த ஓரங்களில் மின்னும் சின்னஞ்சிறு வெள்ளிப் பொட்டுகள்மேல்தான் காதல். கறுப்புப் பட்டில் வைத்துத் தைத்த பாசிமணிபோல அப்படியொரு அடக்கமான மினுக்கு!

இன்றைய பல கண்ணாடிச் சட்டங்களில் அது வெறும் அலங்காரம். பழைய கைவேலைச் சட்டங்களிலோ அந்தப் பொட்டு ஒரு ரிவிட்டின் முகம். அதன் மெல்லிய தண்டு சட்டத்தின் அசிடேட் பிளாஸ்டிக்கைத் துளைத்துப் பின்பக்கம் போய், கீலின் தகட்டு ஓட்டையில் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த முனையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பரத்தியிருப்பார்கள். பசையும் இல்லை, மரையும் இல்லை; தட்டிய தட்டுதான் பிடித்து நிற்கிறது. மரையில்லாத அந்த ஆணியை, சட்டத்தில் ஒரு கீறல்கூட விழாமல் வெளியே எடுப்பதில்தான் எத்தனை நயம்!

பழைய சட்டமொன்றை ஒரு பெரியவர் பிரித்தபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். லென்ஸை முதலில் கழற்றி வைத்தார். மின்னும் முகப்பில் காகித டேப் ஒட்டினார். அதற்குமேல் அந்தப் பக்கம் கருவி எதுவும் படவில்லை. உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, உள்பக்கத்தில் பரத்திய முனை எங்கே முடிகிறது, தகடு எங்கே தொடங்குகிறது என்று தேடினார். நெடுநேரம் தேடினார். அந்த வட்டக் கோடு முடியிழையைவிட மெல்லியது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முனையின் நட்டநடுவில் ஊசிமுனைக் குத்துளியால் ஒரு புள்ளி. புள்ளி விலகினால் துரப்பணமும் விலகும். அதனால்தான் அங்கே அத்தனை நிதானம். பிறகு விரல்களுக்கிடையில் உருட்டும் சின்னக் கைத்துரப்பணம். மோட்டார் வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் உலோகம் சூடேறி, சுற்றியுள்ள அசிடேட் இளகிவிடும். கையால் சுற்றும்போது, ஆணி செய்யப்பட்ட ஜெர்மன் சில்வரின் துகள் சுருள்சுருளாக எழுந்து வருகிறது; பெயரில் வெள்ளி இருந்தும் வெள்ளியே சேராத அந்தக் கலவைக்கு எவ்வளவு அழகான ஒளி! துரப்பணம் இறங்க வேண்டிய ஆழம் பரத்திய பகுதி மட்டும்தான். தண்டைத் தொட வேண்டியதில்லை. மெல்லிய வளையமொன்று கழன்று துரப்பணத்தின் நுனியில் மோதிரம்போல் மாட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் பெரியவர் கை நின்றது.

அடுத்தது வெப்பம். பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் பிறக்கும் அசிடேட், இதமான சூட்டில் இறுக்கத்தைத் தளர்த்தும்; சூடு மிஞ்சினால் கொப்புளிக்கும். கையில் பிடிக்க முடிகிற சூட்டிலேயே அவர் நிறுத்திவிட்டார். ஓட்டையுள்ள மரக்கட்டைமேல் முகப்பைக் கவிழ்த்து, தண்டைவிடச் சற்றே மெலிந்த குத்துளியை உள்பக்கமிருந்து வைத்து, சுத்தியலின் எடையை மட்டும் அதன்மேல் விட்டார். இரண்டாம் தட்டில் பொட்டு அலுங்காமல் மறுபக்கம் எழுந்தது. பிடுங்கியதாகவே தெரியவில்லை, தானாகவே விடைபெற்று வந்த மாதிரி இருந்தது.

ஆணிக்கும் கண்ணாடிக்கும் உறவு பழையது. இத்தாலியின் திரெவிசோ நகரில் 1352-இல் தொம்மாசோ தா மொதேனா தீட்டிய சுவரோவியத்தில், துறவி ஒருவர் மூக்கின்மேல் வைத்திருக்கும் கண்ணாடியைப் பாருங்கள்: இரண்டு வட்டங்களை நடுவில் இணைப்பது ஒரே ஒரு ரிவிட். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் 1796-இல் கண்ணாடிச் சட்டத் தொழிலைத் தொடங்கி வைத்த பியேர்-இயாசந்த் கசோவும் ஆணி அடிக்கும் கொல்லர்தான். நினைக்க நினைக்க இனிக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய சட்டம் கிடக்கலாம். ரிவிட் எடுத்தது ஒன்று கிடைத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளையைப் பாருங்கள். அது முட்டை வடிவமாகாமல் வட்டமாகவே இருந்தால், புதிய ஆணி அதே இடத்தில் இறுக்கமாக உட்காரும்.