வாய்மையும் மருந்தும்

கொடுநோயுற்றவரிடம் உண்மையை மறைப்பதற்கு நம்மவர் திருக்குறளையே துணைக்கு அழைப்பதுண்டு. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள் கூறுகிறதன்றோ? நோயாளியின் மனம் உடையாமற் காப்பது நன்மைதானே என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதம் குறளின் தொடக்கத்தைப் பற்றிக்கொண்டு அதன் இறுதியிலுள்ள நிபந்தனையைக் கைவிடுகிறது. நன்மை யாருக்கு?

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. மருத்துவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசுகிறார். ஊரிலிருந்து வந்த முதியவரோ தமிழ் மட்டுமே அறிந்தவர். இடையில் நிற்கும் உறவினரே மொழிபெயர்ப்பாளர். என் பெரியப்பாவுக்காக நான் அவ்வாறு நின்றேன். “நோயை இனி நீக்க இயலாது, வலியைத் தணிப்போம்” என்றார் மருத்துவர். “மருந்தை மாற்றுகிறார்கள், பெரியப்பா, சரியாகிவிடும்” என்றேன் நான். தம் தமக்கையைக் காண ஊருக்குப் போக வேண்டும் என்றார் அவர். குணமான பின் போகலாம் என்றோம். அந்நாள் வரவேயில்லை. என் பொய்யால் நன்மை அடைந்தவன் நான் ஒருவனே; அழுகையைக் காணும் துன்பம் எனக்கு நீங்கியது.

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்காக வகுக்கிறது. அதற்கு உரைகண்ட பரிமேலழகர், நோய்நிலையை உணர்த்துதலை நோயாளியின் இயல்புகளுள் ஒன்றாக வைக்கிறார். மனம், மொழி, மெய் தூயவாதலை மருத்துவர்க்கும் பேணுவோர்க்கும் பொதுவாக்குகிறார். நோயாளி ஒளியாது உரைக்க வேண்டுமாயின், அவரிடம் நாம் ஒளித்துப் பேசுதல் எங்ஙனம் முறையாகும்?

உண்மையை ஓங்கி அறைய வேண்டும் என்பது கருத்தன்று. நோயுற்றவரின் அளவும், நோயின் அளவும், காலமும் நோக்கிச் செய்க என்கிறது அதற்கு முந்தைய குறள். மருந்துக்குச் சொன்ன அவ்வளவுகோல் சொல்லுக்கும் பொருந்தும். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேட்டல் வேண்டும். தனிமையில், அவர்தம் மொழியில், சிறிது சிறிதாகச் சொல்லுதல் வேண்டும். “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று கைவிரிப்பதும் மற்றொரு பொய்யே. தீராத புற்றுநோயாளரை 1999 முதல் இந்நகரில் கட்டணமின்றிப் பேணிவரும் கருணாசிரயா இல்லமே அதற்குச் சான்று.

அடுத்த முறை மருத்துவர்க்கும் நம் முதியவர்க்கும் இடையே நிற்க நேர்ந்தால், அந்நிபந்தனையை நினைவுகூர்வோம். அவர்க்கு எஞ்சிய நாட்கள் அவர்க்கே உரியவை.