பகவந்தியின் கண்ணீரும் பார்ப்போர் தீர்ப்பும்

தொலைக்காட்சித் தொடர் நாடகங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப் புலமையுலகம் இன்றும் தயங்குகின்றது. அத்தயக்கம் நமக்கு உடன்பாடன்று. ஒரு நாவலைப் படிப்போர் சில ஆயிரவர் எனின், ஒரு தொடரைக் காண்போர் பல இலக்கத்தினர். அவர்கள் நாள்தோறும் கதைமாந்தரைப் போற்றியும் தூற்றியும் பேசுகின்றனர். மிகப் பல இல்லங்களில் நிகழும் ஒரே திறனாய்வு அப்பேச்சுத்தான். அதன் தீர்ப்புகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை, வடபுலத்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்த ஒரு தொடரைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி, 1985 டிசம்பர் 17 அன்று நிறைவுற்ற 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடரே அது. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி, இயக்கியவர் பி. குமார் வாசுதேவ். 150க்கும் மேற்பட்ட பகுதிகள் ஒளிபரப்பாயின. வண்ணத் தொலைக்காட்சி 1982இல்தான் நம் நாட்டில் தலைகாட்டியிருந்தது. கரோல்பாக்கிலும் ஆர்.கே. புரத்திலும் பெட்டி உள்ள வீட்டுக்கு இல்லாதவர் சென்று அமர்ந்து பார்த்த காலம் அது. வீட்டுப் பிள்ளைகளைப் 'பட்கி', 'மஜ்லி', 'சுட்கி' என்று வேடிக்கையாக அழைத்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

இத்தொடர் வெறும் பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. மெக்சிகோ நாட்டில் மிகெல் சாபிதோ என்பார், மக்களுக்கு நல்வழி புகட்டும் கருவியாகத் தொடர் நாடகத்தைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார். அவர் வகுத்த முறையில் மாந்தர் மூவகைப்படுவர்: பின்பற்றத்தக்கவர், பின்பற்றத்தகாதவர், இரண்டிற்கும் இடையே நின்று மாறுபவர். நல்லவர் பயன்பெறுவர், அல்லவர் துன்புறுவர், பார்ப்போர் பாடம் பெறுவர். இம்முறையே 'ஹம் லோக்'குக்கும் அடிப்படையாயிற்று. தொடக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பரப்புரை மிகுதியாக இருந்தது. மக்கள் முகஞ்சுளிக்கவே, முதல் 13 பகுதிகளுக்குப் பின் அது மட்டுப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிச் சில சொற்களில் கருத்துரைத்து விடைபெறுவார். நிகழ்ச்சியின் செலவை ஏற்று விளம்பரம் செய்த மாகி நூடுல்ஸ் நம் பிள்ளைகளின் நாவில் இன்றளவும் நிலைத்திருக்கின்றது. அசோக் குமாரின் அறிவுரைகளுக்கு அந்தப் பேறு வாய்த்ததாகத் தெரியவில்லை.

கதை, தலைநகரத்தின் கீழ்நடுத்தரக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. குடிகாரத் தந்தை பசேசர் ராம், எல்லாவற்றையும் வாய்மூடித் தாங்கும் தாய் பகவந்தி, ஏசும் மாமியார் இமர்த்தி தேவி, ஒழுங்குமிக்க முன்னாள் படைவீரராகிய தாத்தா, வேலை தேடி அலையும் லல்லு, கிரிக்கெட் கனவினன் நன்ஹே, பெண்மக்கள் மூவர். பெண்ணுரிமை பேசிப் பணியாற்றுபவள் மூத்தவள் பட்கி. நடிப்புலக ஆசையால் பம்பாய் சென்று சீரழிபவள் நடுவிலவள் மஜ்லி. மருத்துவராக விழைபவள் இளையவள் சுட்கி.

பகவந்தியைப் பின்பற்றத்தகாத பெண்ணாகவே படைத்தோர் கருதினர். கணவன் குடித்துவிட்டு வந்து இழிவுபடுத்தும்போதும் மாமியார் வசைபாடும்போதும் எதிர்த்து ஒரு சொல் கூறாதவள் அவள். இவ்வாறு வாழலாகாது எனப் பெண்கள் உணரவேண்டும் என்பதே எண்ணம். நிகழ்ந்தது வேறு. தூர்தர்ஷனுக்கு வந்த கடிதங்கள் ஏறத்தாழ 4 இலட்சம் என்பர். இத்தொடரின் விளைவுகளை ஆராய்ந்த அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர், பார்த்தவர்களுள் ஒரு பகுதியினர், அவருள்ளும் பெண்கள், பகவந்தியையே பின்பற்றத்தக்க உத்தமியாகக் கொண்டனர் எனக் கண்டனர். எச்சரிக்கையாக நிறுத்தப்பட்டவள் எடுத்துக்காட்டாகிவிட்டாள்!

பார்ப்போர் கல்வியறிவு போதாதவர், ஆதலின் பிழைபட உணர்ந்தனர் என்று கூறிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. பிழை நாடகத்தின் கட்டுக்கோப்பிலேயே உள்ளது. அதனைக் காணத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நமக்குத் துணைசெய்யும்.

அழுகை தோன்றுதற்கு இழிவுறுதல், இழத்தல், நிலைதளர்தல், வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் காட்டுகின்றார். வெகுளிக்கு உரியனவாகக் காட்டும் நான்கனுள், குடியினரை நலிதலும் அடித்து வருத்துதலும் அடங்கும். பகவந்தியின் வாழ்வில் இழிவும் உண்டு, வறுமையும் உண்டு, நலிவும் உண்டு. ஒரே காட்சி அழுகைக்கும் நிலைக்களனாகலாம், வெகுளிக்கும் நிலைக்களனாகலாம். பசேசர் ராமின் மீது பார்ப்போர் சினங்கொள்ள வேண்டும் என்பது படைத்தோர் விருப்பம். ஆனால் அவர்கள் பார்ப்போர்முன் வைத்ததோ பகவந்தியின் கலங்கிய முகம். துன்பம் காட்சியாக வந்தது. கண்டனமோ இறுதியில் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த உரையாக வந்தது. பதினேழு மாதங்கள் அழப் பழகிய கண்களுக்கு அந்த ஒரு நிமிடம் எம்மாத்திரம்?

நம்மவர் நிலையில் இன்னுமொன்றும் உண்டு. அக்காலத்தில் மகனுடன் வாழ வடக்கே வந்த நம் இல்லத்து மூதாட்டியர் பலர்க்கு இந்தி அரைகுறை. கண்ணீருக்கு மொழி வேண்டுவதில்லை; வாதத்திற்கு வேண்டும். பகவந்தியின் முகம் அவர்களுக்கு முழுமையாக விளங்கிற்று. பட்கியின் வாதமோ அசோக் குமாரின் உரையோ விளங்கவில்லை. பாதி நாடகம் கண்டு முழுத் தீர்ப்பு வழங்கினர் என்றால், வழங்கியவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

கதைப்போக்கும் அத்தீர்ப்புக்கே துணைநின்றது. ஆசைப்பட்டு வீட்டைத் தாண்டிய மஜ்லிக்குக் கதை கொடுத்தது சீரழிவு. பொறுத்திருந்த பகவந்திக்கோ நாடெங்கும் இரக்கம். தாண்டினால் அழிவாய், தாங்கினால் போற்றப்படுவாய் என்பதன்றி இதனின்று வேறென்ன பாடம் கிடைக்கும்? தன் காலில் நின்ற பட்கியின் கதையிலும் மக்கள் பெரிதும் கொண்டாடியது அவள் திருமணத்தையே. அவள் ஆற்றிய பணியை நினைவுகூர்வாரை நாம் மிக அரிதாகவே காண்கின்றோம். நல்ல எழுத்தாளராகிய ஜோஷி, பெண்ணின் விடுதலையைக் கூற வந்து அவள் பொறையுடைமைக்கே கோயில் எடுத்துவிட்டார் என்பது நம் துணிபு.

1993இல் சன் தொலைக்காட்சி தோன்றியபின், பிறமாநிலத் தமிழர் வீடுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே தமிழ்த் தொடர்கள் வரலாயின. மொழித்தடை நீங்கிற்று. தீர்ப்பு மாறிற்றா? 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான திருமுருகனின் 'மெட்டி ஒலி'யில் தாயில்லா ஐந்து பெண்களின் தந்தை சிதம்பரம். அப்பெண்களுள் சரோ, மாமியார் ராஜத்தின் கொடுமைக்கு ஆளாகின்றாள்; கணவன் மாணிக்கமோ தாயின் பக்கம் சாய்கின்றான். ராஜத்தை ஏசாத வீடு இல்லை. அவ்வகையில் 'ஹம் லோக்' எழுப்பத் தவறிய வெகுளியை இத்தொடர் எழுப்பியது என்போம். ஆனால் சரோவைப் பற்றிப் பேசுமிடத்து "என்ன பொறுமை!" என்னும் அதே பழைய வியப்புத்தான். கணவனின் செயலின்மை பெரிதாகப் பேசப்படவில்லை. சினம் முழுவதும் ஒரு பெண்ணின்மேல். பாராட்டு முழுவதும் இன்னொரு பெண்ணின் கண்ணீர்மேல்!

2003 முதல் 2009 வரை 1,533 பகுதிகளாக நீண்ட 'கோலங்கள்' சற்று வேறுபட்டது. அதன் நாயகி அபி, கணவனைப் பிரிந்து கட்டடத் தொழிலில் தன் வாழ்வைத் தானே அமைத்துக்கொள்கின்றாள். (அவளுக்குத் தோழனாக வருபவனின் பெயர் தொல்காப்பியன் என்பது இக்கட்டுரைக்குக் கிடைத்த எதிர்பாராப் பேறு.) நீட்டிப்பும் சூழ்ச்சிகளும் சலிப்பூட்டினும், துன்புறும் பெண் எழுந்து நடப்பதைப் பல்லாண்டுகள் தொடர்ந்து காட்டியமைக்காக அத்தொடரை நாம் மதிக்கின்றோம்.

பொறுமையே தமிழ்ப்பெண்ணின் மரபு என்பார் உடனே கண்ணகியைச் சான்று காட்டுவர். சிலப்பதிகாரத்தைப் புகார்க் காண்டத்தோடு மூடிவைத்தார்க்கே அது பொருந்தும். மதுரைக் காண்டத்து வழக்குரை காதையில் அவள் அழுகையினின்று வெகுளிக்கு ஏறுகின்றாள். அரசன்முன் நின்று வழக்காடி, சிலம்பை உடைத்து, வெல்கின்றாள். சிலம்பும் காலணியே, மெட்டியும் காலணியே. முன்னது வழக்கு மன்றத்தில் சான்றாயிற்று. பின்னது வீட்டுக்குள் ஒலித்ததோடு சரி.

தொலைக்காட்சிமுன் வழங்கப்படும் தீர்ப்புகளைக் காற்றோடு போவனவாக நாம் கொள்ளாமைக்குக் காரணம் உண்டு. பிறந்த வீடு ஆயிரத்தைந்நூறு கல்லுக்கு அப்பால் இருக்க, அண்டை அயலில் உறவென்று ஒருவரும் இல்லாத மாடிக்குடியிருப்பில், புதிதாக வந்த மருமகளும் அதே அறையில் அமர்ந்து அத்தொடரைப் பார்க்கின்றாள். சரோவின் பொறுமைக்குக் கிடைக்கும் பாராட்டு அவள் செவியில் நாடக விமரிசனமாக விழுவதில்லை. "அவளைப் பார், எப்படித் தாங்கிக்கொள்கிறாள்" என்று வியந்த தாய்மாரே, தம் மகளுக்கு அந்நிலை நேர்ந்தபோது தொலைபேசியில் "கிளம்பி வந்துவிடு, அம்மா" என்று பதறியதை நாம் கேட்டிருக்கின்றோம். மருமகளிடம் அவ்வாறு கூறியவரை இதுகாறும் கேட்டதில்லை.