தவணைச் சேலையும் டிரங்குப் பெட்டியும்

ஆளவந்தார் கதையை எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் டிரங்குப் பெட்டியைத்தான் திறக்கிறார்கள். போட் மெயில், மானாமதுரை ஸ்டேஷன், நாற்றம் தாங்காத பயணிகள், தலையில்லாத உடல். தப்பில்லை. ஆனால் அந்த வழக்கின் ருசி பெட்டிக்குள் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சைனா பஜாரில் ஜெம் அண்ட் கோ பேனா கடையின் முகப்பில் பிளாஸ்டிக் சாமான் விற்றுக்கொண்டு, பக்கத்தொழிலாகப் பெண்களுக்குத் தவணையில் சேலை கொடுத்துவந்தாரே கொலையுண்ட ஆளவந்தார், அங்கே இருக்கிறது.

வியாசர்பாடியில் வளர்ந்தவர்களுக்குத் தவணைக்காரர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் தெருவுக்குள் வருவார். தோளில் துணி மூட்டை, கக்கத்தில் நீளவாக்கு நோட்டு. எந்த வீட்டில் புருஷன் நைட் ஷிப்ட், எந்த வீட்டில் மாமியாருக்குக் காது மந்தம், யார் எந்த நிறச் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்கள், எல்லாம் அந்த நோட்டில் எழுதாமலே இருக்கும். கடன் பாக்கி நிற்கிற வரைக்கும் வாசலில் நிற்க அவருக்கு ஒரு நியாயம் உண்டு. அநேகம் பேர் தங்கமானவர்கள். ஒரு சிலருக்கு அந்த நியாயமே தூண்டில். ஆளவந்தார் எப்படிப்பட்டவர், அவரோடு பழகி, பின்னால் அவர் கொலை வழக்கில் சிக்கிய தேவகி ஏன் விலக முடியாமல் தவித்திருப்பார் என்று பக்கம் பக்கமாக மனோதத்துவம் பேச வேண்டாம். தவணையில் சேலை விற்றார் என்று ஒரு வரி போதும், எங்கள் தெருப் பெண்கள் மீதியைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

ராண்டார் கை என்ற மாடபூசி ரங்கதுரையை நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதற்காகத்தான். எழுதியது ஆங்கிலத்தில் என்றாலும் அது மெட்ராஸ்காரரின் வம்புதான். வக்கீல் தொழில் பார்த்துவிட்டுச் சினிமாச் சரித்திரத்துக்கு வந்தவர், 2023இல் காலமானார். லட்சுமிகாந்தன் வழக்கையும் ஆளவந்தார் வழக்கையும் அவர் சொல்லும்போது கொலைகாரனைவிடக் கடைக்காரரும் சாட்சியும் வக்கீலும்தான் கண்ணில் நிற்பார்கள். நடுவில் நாலு சினிமாக் கதை நுழையும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கத்தி எவ்வளவு நீளம் என்பதைவிட அந்தக் கத்தி எந்த அடுப்படியில் கிடந்தது என்பதில்தான் அவர் குறியாக இருப்பார்.

ஆளவந்தார் வழக்குக்கு அந்தக் கண் அவசியம். கொலை நடந்த வீடு ராயபுரத்தில் செமெட்ரி ரோட்டில். நாள் 1952 ஆகஸ்டு 28. மறுநாள் உடல் மானாமதுரையில். பழுப்புச் சட்டையில் சுற்றிய தலையை ராயபுரம் கடற்கரைக்கு அலையே கொண்டுவந்து போட்டது. இரண்டையும் வைத்து ஒரே ஆள்தான் என்று சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சி.பி.கோபாலகிருஷ்ணன் சொன்ன பிறகுதான் வழக்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. கொலைக்குப் பிறகு பம்பாய்க்கு ஓடிய தேவகியும் அவர் கணவர் பிரபாகர மேனனும் பிடிபட்டு, 1953இல் ஹைகோர்ட்டில் விசாரணை. நீதிபதி ஏ.எஸ்.பி.அய்யரோ ஐ.சி.எஸ்.காரர், சரித்திர நாவலும் நாடகமும் எழுதியவர். தலையை வெட்டிப் பெட்டி கட்டிய வழக்கில் கணவருக்கு ஏழு வருஷம், மனைவிக்கு மூன்று வருஷம்! செத்தவர்மேல் அந்தக் கோர்ட்டில் யாருக்கும் பெரிய இரக்கம் சுரக்கவில்லை என்பது தண்டனையிலேயே தெரிகிறது. அந்த இரக்கமின்மை சரியா என்று எனக்குள் இன்னும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தவணை நோட்டோடு வாசலில் நின்றவர்களை நினைத்தால் நீதிபதி பக்கம் சாய்கிறேன். ஆளவந்தாரின் மனைவியை நினைத்தால் நிமிர்ந்துவிடுகிறேன்.

குற்றக் கதை வாசிப்பதில் என் சிநேகிதர் ஒருவர் ஆட்டோ சங்கர் கட்சி. "கொன்னவனே எழுதினது, அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்பார். நக்கீரன் பத்திரிகையில் வந்த சங்கரின் அந்தச் சுயசரிதைத் தொடருக்காக நடந்த சண்டையை நானும் மதிக்கிறேன். சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்க்க, ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் வரை போய் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வாங்கினார். அரசாங்கமோ அதிகாரிகளோ அச்சுக்கு முன்னாலேயே வாயைப் பொத்த முடியாது, ஆனால் பொதுப் பதிவேட்டில் உள்ளதைத் தாண்டி ஒருவரின் அந்தரங்கத்துக்குள் அவர் சம்மதமில்லாமல் நுழையவும் கூடாது என்று இரண்டு பக்கமும் கயிறு கட்டியது நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு. ரசனை என்று பார்த்தால் தொடரைவிட எனக்குத் தீர்ப்புதான் பிடிக்கும். சிநேகிதர் தலையில் அடித்துக்கொள்வார். திருவான்மியூரில் ஆறு பேரைக் கொன்று, 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கில் தொங்கிய மனிதன் தன்னைப் பற்றிச் சொல்கிற எதிலும் ஒரு மேக்கப் வாசனை அடிக்கிறது. தப்பு செய்தவன் தன் கதையைச் சொன்னால் ஒன்று ஹீரோவாவான், இல்லை பலிகடாவாவான். நடுவில் உள்ள சாதாரண ஆள் வரவே மாட்டான்.

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. நியூஜெர்சிக் கூலிக்கொலையாளி ரிச்சர்ட் குக்லின்ஸ்கி சிறையிலிருந்து கேமரா முன்னால் உட்கார்ந்து நூறு பேருக்கு மேல் கொன்றதாகச் சொன்னார். பெரும்பகுதிக்குச் சான்று கிடையாது. உலகமே வாயைப் பிளந்து கேட்டது. அமெரிக்க மாஃபியாவைப் பற்றி ஜீன் மஸ்டெயினும் ஜெரி கபேசியும் எழுதிய 'மர்டர் மெஷின்' படித்துப் பாருங்கள். புரூக்ளினில் ஒரு மதுக்கூடம், கார் திருட்டு, வட்டிப் பணம், அதற்கு நடுவில் கொலை ஒரு அன்றாட வேலை. ரத்தம் உறைவது அங்கேதான். ஹுசைன் ஜைதியின் மும்பைப் புத்தகங்களையும் இளைஞர்கள் கொண்டாடுகிறார்கள். நடை ஓடும், மறுக்கவில்லை. ஆனால் தாதாக்கள் அதில் சினிமா வசனம் பேசிக்கொண்டே சுடுகிறார்கள்.

எங்கள் பகுதி சலூனில் பேப்பர் வாசித்த தலைமுறைக்கு இந்த மயக்கம் குறைவு. ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் திருத்துவார்கள். ஆட்டோவில் வந்து வெட்டிவிட்டுத் தப்பினர் என்று போட்டிருந்தால், கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "அந்தச் சந்துல ஆட்டோ எங்கய்யா பூரும்? சைக்கிளே தள்ளிக்கினுதான் போவணும்" என்பார் கடைக்காரர். அதோடு அந்த நிருபர் காலி. மறுநாள் வேறு பேப்பர். அன்றைய நிருபர்களில் நல்லவர்கள் ஸ்டான்லி பிணவறை வாசலில் நின்று செத்தவனின் அம்மாவிடம் பேசிவிட்டு, ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் குற்றப்பத்திரிகையைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். செத்தவன் என்ன வேலை பார்த்தான், யாருக்குக் கடன் என்று இரண்டு வரியாவது இருக்கும்.

இப்போது செய்தி வாட்ஸப்பில் வருகிறது. முன்விரோதம், மர்ம நபர்கள், ஓட ஓட விரட்டி, சரமாரியாக. பெயரையும் வயதையும் மாற்றினால் அடுத்த கொலைக்கும் அதே பத்தி போதும். யூடியூப்காரர்கள் இன்னும் மோசம். சிசிடிவி படத்தில் சிவப்பு வட்டம், பின்னணியில் உறுமல் இசை, கூலிப்படைத் தலைவனுக்கு ஒரு அடைமொழி. கொலையுண்டவனுக்கு அதுகூட இல்லை. வியாசர்பாடி என்று விலாசம் எழுதினால் வேலைக்கு எடுப்பவர் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறாரே, அந்தப் பார்வைக்கு இவர்களும் பங்காளிகள். அம்பேத்கர் கல்லூரியும், முல்லை நகரில் பந்தாடிய பிள்ளைகளும், ஒரு மழைக்கே கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குவதும் இவர்கள் கண்ணில் பட்டதே கிடையாது.

சமீபத்தில் ஒரு காணொளி, 'வியாசர்பாடியின் ரத்த சரித்திரம்' என்கிற மாதிரி ஏதோ தலைப்பு. முதல் காட்சியே படகுகளும் அலையும், நடுவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். வியாசர்பாடியில் கடல் கிடையாது, தம்பி. ரயில் சத்தம்தான் உண்டு. கடல் பார்க்க நாங்களே பஸ் பிடித்துப் போகிறோம்.