ஐந்தடி நாலங்குலத்துக்கு ஒரு டோமினார்

"ஏங்கண்ணு, போன மாசம் வெளக்கு, இந்த மாசம் பொட்டி. கட்டிக் குடுத்த புள்ளைக்குக்கூட ஆரும் இத்தனை சீர் செய்யமாட்டாங்க சாமி!"

பக்கத்து வீட்டுப் பாட்டி இதைச் சொன்னபோது நான் வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து வண்டியின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. பாட்டிக்குத் தெரிந்தது விளக்கும் பெட்டியும்தான். சீர்வரிசையின் முழுப் பட்டியல் தெரிந்தால் என் மாமியாருக்கே தகவல் போய்விடும்.

வண்டி, பஜாஜ் டோமினார் 400. 2019 மாடல், பச்சை நிறம். 373.3 சிசி, 40 குதிரைத் திறன், 184.5 கிலோ எடை, 13 லிட்டர் டேங்க். 2014 டெல்லி வாகனக் கண்காட்சியில் பல்சர் சிஎஸ்400 என்ற பெயரில் மேடையேறிய நாளிலிருந்தே அதன்மேல் எனக்கு ஒரு கண். 2016 டிசம்பரில் டோமினார் என்று பெயர் மாறிக் கடைக்கு வந்தது. என் வாசலுக்கு வர மேலும் மூன்று வருடம் ஆயிற்று. மில்லில் கணக்கெழுதுகிறவனுக்கு ஆசையும் சேமிப்பும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை.

ஸ்போர்ட்ஸ் டூரர் என்று சொல்லும் ரகம் இது. நாள் முழுக்க முதுகு வலிக்காமல் உட்கார்ந்து போகவேண்டும். மலை வளைவு வந்துவிட்டால் சாய்ந்து பாயவும் வேண்டும். சோம்பலும் துள்ளலும் ஒரே உடம்பில்! வண்டி என்னவோ அருமையான ரெடிமேட் சட்டைதான். ஆனால் எந்தத் தொழிற்சாலையும் ஊருக்குப் பொதுவான ஓர் உடம்பை வைத்துத்தான் அளவெடுக்க முடியும். நான் ஐந்தடி நாலங்குலம், கை கொஞ்சம் குட்டை. பின்சீட்டில் வருகிற என் மனைவிக்கு முழங்கால் வலி. இருப்பது கோயம்புத்தூர், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று மலை, இல்லையென்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. சட்டையைப் பிடித்துக் குறைத்து நம் உடம்புக்குத் தைத்துக்கொள்ள வேண்டியதுதானே?

முதல் வேலைக்கு ஒரு பைசா ஆகவில்லை. இன்ச் டேப் போதும். அது கொடுத்த சுகத்தைப் பிறகு ஆயிரக்கணக்கில் செலவழித்த எதுவும் முழுதாக மிஞ்சவில்லை என்று சத்தியம் செய்வேன்.

பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிப்படியாக ஒரு திருகு இருக்கிறது. வண்டி வாங்கிய பலரும் அதை ஆயுளில் ஒருமுறைகூடத் தொடுவதில்லை. நானும் இரண்டு வருடம் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மச்சினனும் அவன் நண்பனும் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பின்சக்கரம் தரையைத் தொடாதபடி பிடித்துக்கொண்டார்கள். அச்சிலிருந்து வால்பகுதிவரை என் மனைவி அளந்தாள். பிறகு நான் ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் மாட்டிக்கொண்டு, பைகளையும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்; மறுபடியும் அளந்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போய்வரும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் இருக்கவேண்டும். டோமினாரின் பின்சக்கரத்துக்கு அந்தத் தூரம் 110 மில்லிமீட்டர். அப்படியானால் 33 மில்லிமீட்டர் வாக்கில் அமுங்கினால் சரி. என் வண்டியோ கல்யாணப் பந்தியில் எழுந்திருக்க முடியாத பெரியப்பா மாதிரி அமுங்கிக் கிடந்தது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க இடம் இருந்தது. மேட்டில் மேலே ஏறத்தான் இடமில்லை. அதனால்தான் அத்தனை இடியும் என் இடுப்புக்கு வந்திருக்கிறது!

சி-ஸ்பேனரால் இரண்டு படி இறுக்கினேன். அன்று சாயங்காலம் பொள்ளாச்சி ரோட்டில் போனபோது இது வேறு வண்டி. வால் நிமிர்ந்ததும் மூக்கு தானாக வளைவைத் தேடிப் போகிறது. கிளட்ச், பிரேக் லீவர்களின் சாய்வையும் அன்றே மாற்றினேன். தோளிலிருந்து விரல்நுனிவரை கை ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி திருப்பி வைத்தால் மணிக்கட்டு நோகாது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு முன்னால் கையுறை சரியில்லை என்று நினைத்து மூன்று ஜோடி வாங்கியிருந்தேன்.

அடுத்தது ஹேண்டில்பார். குட்டைக் கைக்கு அது கொஞ்சம் மேலேயும் பின்னேயும் வந்தால் தேவலை. இதற்கென்று ரைசர் கட்டைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஆனால் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அலுமினியக் கட்டையைத் தபாலில் வரவழைப்பது, பழனியில் இருந்துகொண்டு பஞ்சாமிர்தத்தை ஆர்டர் செய்வது மாதிரி. கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பம்ப் உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்த மேஸ்திரி, வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இருவது மில்லி போதுங்க. அதுக்கு மேல தூக்குனா கேபிளு பத்தாதுங்க" என்றார். வண்டியே ஓட்டாத மனுஷர்! ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லை என்று உறுதி செய்த பிறகே நீளமான போல்ட் போட்டு இறுக்கினார். கட்டையின் ஓரங்களைக்கூட நைஸாக மழுக்கிக் கொடுத்தார். அந்தக் கட்டையைத் தடவிப் பார்க்காமல் நான் வண்டி எடுப்பதில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

காற்றுக் கண்ணாடிக் கதை வேடிக்கையானது. 1976-இல் பி.எம்.டபிள்யூ ஆர்100ஆர்எஸ் வண்டிக்கு முழு முகப்பு செய்ய, இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஸ்போர்ட்ஸ் டூரர் வம்சத்தின் மூத்த பிள்ளை என்று அதைத்தான் சொல்வார்கள். எனக்கு இத்தாலி எதற்கு? ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். காற்றாலைகள் சும்மாவா அங்கே வரிசைகட்டி நிற்கின்றன? அம்மியையே பறக்கவைக்கும் காற்றில் என் சுரங்கச் சோதனை நடந்தது.

முதலில் வாங்கிய உயரமான கண்ணாடி நெஞ்சுக்கு வந்த காற்றை நிறுத்தியது. ஆனால் அதன் விளிம்பில் சுழன்ற காற்று நேராக ஹெல்மெட்டுக்கு வந்து, பள்ளிக்கூட வாத்தியார் தலையைப் பிடித்து ஆட்டுகிற மாதிரி உலுக்கியது. இன்னும் உயரமாகப் போடுவதா என்று யோசித்தேன். பிறகு துணிந்து, மேல்விளிம்பில் இரண்டு அங்குலம் ரம்பத்தால் அறுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடியில் வாஷர் வைத்து ஒரு விரல் அளவு இடைவெளி விட்டேன். அந்த இடைவெளி வழியே கொஞ்சம் காற்று போனதும் கண்ணாடிக்குப் பின்னால் உண்டாகிற வெற்றிடமும் சுழலும் அடங்கிவிட்டன. இப்போது காற்று தோள்பட்டையில் அமைதியாக வந்து அமர்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் என் ஹெல்மெட்டுக்குள் நான் முணுமுணுக்கும் பாட்டு எனக்கே கேட்கிறது. மனைவிக்கும் கேட்கிறதாம், அது தனிக் குறை.

பாட்டி பார்த்த பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பின்னால் உயரத்தில் மாட்டுகிற டாப் பாக்ஸ். கோயிலுக்கும் கடைக்கும் ஓகே. அதே ஆடிக் காற்றில் அது கப்பல் பாய் மாதிரி வேலை செய்தது. கழற்றிவிட்டேன். எடையைத் தாழ்வாகவும், முடிந்தவரை முன்பக்கமாகவும் வைக்கவேண்டும் என்பதுதான் சாமான் ஏற்றும் சாஸ்திரம். இரண்டு பக்கமும் துணிப் பைகள், அடியில் பஞ்சர் கிட்டும் டூல்ஸும், மேலே துணிமணி. தீர்ந்தது.

விளக்கில் மட்டும் நன்றாக அடிபட்டேன். ஒரு கடையில் இரண்டு எல்.இ.டி. விளக்குகளைப் பூட்டி, ஹெட்லைட் ஒயரையே கீறி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் தெருவே ஜொலித்தது. பிறகு ஒரு ராத்திரி, தாராபுரம் ரோட்டில், கருகல் வாடை. அடுத்த நொடி கும்மிருட்டு. ரோட்டோரம் நிறுத்தி, செல்போன் வெளிச்சத்தில் ஒயரைப் பிடுங்கி எறிந்த அரை மணி நேரத்தில் எனக்கு மின்சாரப் பாடம் முழுதாக வந்துவிட்டது. நாற்பது வாட் விளக்கு இரண்டு, 12 வோல்ட். கிட்டத்தட்ட ஏழு ஆம்பியர். ஹெட்லைட்டுக்கென்று போட்ட மெல்லிய ஒயர் அந்தச் சுமையைத் தாங்குமா?

இப்போது பேட்டரியிலிருந்து தனி லைன், 10 ஆம்பியர் ஃப்யூஸ், நடுவில் ரிலே. ஹேண்டிலில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. கனத்த மின்சாரம் ரிலே வழியே போகிறது. சாவியை எடுத்தால் எல்லாம் அணையும். ஒரு விளக்குக்கு மஞ்சள் மூடி. வால்பாறைப் பனிமூட்டத்தில் வெள்ளை வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும்போது மஞ்சள் இதமாக இருக்கிறது. ஊருக்குள் இரண்டையும் மூடிவைக்கிறேன். எதிரே வருகிறவனுக்கும் கண் இருக்கிறது.

இந்த வண்டியில் சைலன்ஸரை மாற்றலையா என்று கேட்காத ஆளே இல்லை. மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஜெயிலும் வரலாம். சட்டம் கிடக்கட்டும். அட்டகட்டியில் விடிகாலை மூங்கில் உரசுகிற சத்தத்தைக் கேட்கப் போகிறவன், டமடமவென்று போய் என்ன கேட்கப் போகிறான்?

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 அங்குலம். அளவை மாற்றாமல் ரகத்தை மாற்றினேன். நடுவில் கெட்டி ரப்பர், ஓரங்களில் மென்மையான ரப்பர். நேர் ரோட்டில் தேய்மானம் குறைவு, சாய்ந்தால் பசை மாதிரிப் பிடிப்பு. செல்போன் ஹோல்டருக்கு அதிர்வைத் தாங்கும் ரப்பர் மெத்தை போட்டேன். மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருந்தது.

செயினுக்கு மட்டும் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கி, சின்ன பாட்டிலில் 90 கிரேடு கியர் ஆயில் நிரப்பி, சீட்டுக்கடியில் வைத்து, டியூப் நுனியைப் பின் ஸ்பிராக்கெட்டின் உள்பக்கமாகக் கட்டிவிட்டேன். சக்கரம் சுழலும் வேகத்தில் ஆயில் தானே வெளிப்பக்கம் ஓடிச் செயினுக்குப் போகும். நிமிஷத்துக்கு இரண்டு சொட்டு. அதற்குமேல் விட்டால் டயருக்குப் போய் ஆளைக் கவிழ்த்துவிடும். "வண்டிக்கு என்ன, டெங்குவா?" என்று கேட்டாள் மனைவி. ஒருநாள் இரவு டியூபில் இருக்கும் சக்கரத் திருகை மூட மறந்து, வாசல் கோலத்தின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி கூடுதலாக விழுந்தது. அதற்கு வாங்கிய திட்டு இங்கே அச்சேறாது.

அவளுக்காகச் செய்ததுதான் கடைசி வேலை, என்னைக் கேட்டால் உச்சமும் அதுதான். சீட்டு. உக்கடம் பக்கம் ஒரு சீட் கவர் கடை. மெத்துமெத்தென்று போட்டுத் தாருங்கள் என்றேன். கடைக்கார அண்ணன் சிரித்தார். "மெத்துன்னு போட்டா அரை மணி நேரம் சுகங்க. அப்புறம் ஃபோமு அமுங்கி அடித்தகடு குத்தும். கெட்டியாப் போட்டா அரை நாளு உக்காரலாங்க." அவளை உட்காரவைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, பின்சீட்டை அகலமாக்கி, முன்பக்கம் சறுக்காதபடி லேசாக மேடேற்றி, கெட்டி ஃபோமை இழைத்து ஒட்டினார். தையல் துளை வழியே மழைத்தண்ணி இறங்கும் என்று உள்ளே ஒரு பாலிதீன் உறையும் போட்டார். இந்தப் புத்தி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது!

போன தையில், ஆழியாறிலிருந்து வால்பாறை. நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. வழக்கமாக ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில், அவள் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்று நிறுத்தப் போனேன். முதுகில் ஒரு தட்டு, "போங்க, போங்க". கீழே அணைத் தண்ணீர் சின்னதாகிக்கொண்டே வந்தது. மூன்றாவது கியர், இரண்டாவது, மறுபடி மூன்றாவது. ஹேண்டிலை நினைத்தால் போதும், வண்டி திரும்பியது. நாற்பதும் முடிந்து தேயிலைச் சரிவு தொடங்கிய இடத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தினேன். அவள் இறங்கவே இல்லை. டீயை வண்டிமேல் உட்கார்ந்தே குடித்தாள்.

பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவு தாண்டி ஏதாவது ஓர் இளநீர்க் கடை நிழலில் பச்சை டோமினார் நின்றால் அது எங்களுடையதாக இருக்கலாம். தாராளமாக நிறுத்துங்கள். சீட்டில் உட்கார்ந்து பாருங்கள், ரைசர் கட்டையைத் தடவிப் பாருங்கள். பின்னால் இருக்கிற அந்த ஸ்பிரிங் திருகை மட்டும் தொடாதீர்கள். இப்போதுதான் சரியாக 33 மில்லிமீட்டரில் நிற்கிறது.