நடுவில் வந்த ‘வ’வை எழுதியது யார்?

போன மாசம் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் ஒரு ஜிஃப் வந்தது. கறுப்புப் பின்னணி, மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு எழுத்து. ஒரு சின்ன வட்டம், அதன் தலையில் ஒரு நேர்க்கோடு. தமிழி ‘வ’. அது மெதுவாக நெளிந்து, சாய்ந்து, வட்டெழுத்தாகி, கடைசியில் நாம் இன்று எழுதும் ‘வ’வாக வந்து நின்றது. கீழே நூற்றாண்டு எண் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடியது. குழுவில் ஏகப்பட்ட கைதட்டல். நானும் ரசித்தேன், ரெண்டு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். அதனால் இந்தக் குறிப்பில் வரும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு.

ராத்திரி சும்மா இருக்க முடியாமல் அதை ஜிம்ப்பில் திறந்தேன். ஜிம்ப்பில் ஒரு ஜிஃப்பைத் திறந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு லேயராகப் பிரிந்து வரும். 48 லேயர், ஒவ்வொன்றும் 80 மில்லிசெகண்ட். அதாவது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலான கதை நாலு செகண்டுக்கும் குறைவாக. அந்த 48-ல் கல்வெட்டிலோ அச்சிலோ பார்த்த வடிவம் என்று சொல்லத்தக்கவை 6. மிச்சம் 42-ஐ எழுதியது யார்?

கம்ப்யூட்டர்தான். இரண்டு வடிவங்களைக் கொடுத்து நடுவில் நிரப்பச் சொன்னால், அது ஒரு கோட்டின் புள்ளிகளையும் இன்னொரு கோட்டின் புள்ளிகளையும் எடுத்து சராசரி போட்டுக்கொண்டே போகும். பந்து துள்ளுவதைக் காட்ட இது அருமையான வசதி. ஆனால் எழுத்து பந்து இல்லை. எழுத்து மாறுவது கையால். இரண்டு இழுப்பாக எழுதியதை ஒருவன் கை எடுக்காமல் ஒரே இழுப்பாக எழுதும்போது அங்கே புதிதாக ஒரு இணைப்புக்கோடு பிறக்கும். அது தாவல். சராசரிக்கு இழுப்பும் தெரியாது, எழுத்தாணியும் தெரியாது. எந்தக் கையும் எந்தக் காலத்திலும் எழுதாத 42 வடிவங்களுக்குக் கீழே நூற்றாண்டு எண்ணையும் ஓட விட்டது, என் கணக்கில், தப்பு.

அடுத்த தப்பு இதைவிடப் பெரிது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் உறைக்கவும் வேண்டும். அந்த ஜிஃப்பில் தமிழி வட்டெழுத்தாகி, வட்டெழுத்து இன்றைய தமிழாகிறது. ஒரே தண்டவாளம். உண்மையில் வழி இரண்டாகப் பிரிந்தது. பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வளர்ந்தது. வடக்கே பல்லவர் பகுதியில் கிரந்தத்தோடு உறவாடி வேறொரு தமிழ் எழுத்து உருவானது. 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சியோடு அந்த வடக்கத்தி எழுத்து பாண்டிய நாட்டுக்குள் வந்தது. வட்டெழுத்து இங்கே வழக்கொழிந்தது. நாம் இப்போது எழுதுவது அந்த வடக்கு வழியின் வாரிசு.

பழனிப் பக்கம் ஐவர்மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். வரகுண பாண்டியன் காலத்துச் சமணக் கொடையைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சக வருஷம் 792, அதாவது கி.பி. 870. வட்டெழுத்து. நம்ம ஊர்ப்பக்கத்துப் பாறையில் நம்ம மொழி, ஆனால் தமிழ் படித்த நாம் போய் நின்றால் ஒரு வரி வாசிக்க முடியாது. ஏன் முடியவில்லை என்பதற்கு அந்த ஜிஃப்பில் பதில் இல்லை. அதன்படி பார்த்தால் வட்டெழுத்து நம் எழுத்தின் முந்தைய ஸ்டேஷன், அவ்வளவுதான். ஒரு எழுத்துமுறை இங்கே வாழ்ந்து செத்தது என்ற செய்தியே காணாமல் போகிறது.

குறை சொன்னால் மட்டும் போதுமா என்று நானே ஒன்று செய்து பார்த்தேன். ட்வீனிங் கிடையாது, ஒவ்வொரு ஃப்ரேமும் கையால். கல்வெட்டுப் புகைப்படத்தையோ மைப்படியையோ அடியில் ஒரு லேயராக வைத்து, மேலே வெற்று லேயரில் எழுத்தை மட்டும் வரைந்து, பிறகு படத்தை நீக்கிவிட வேண்டும். ஜிம்ப்பில் ஆகக் கீழே இருக்கும் லேயர்தான் முதல் ஃப்ரேம். லேயரின் பெயரிலேயே அடைப்புக்குறிக்குள் மில்லிசெகண்ட் கணக்கை எழுதிவிட்டால் அவ்வளவு நேரம் நிற்கும். ஏற்றுமதி செய்யும்போது ‘அனிமேஷனாக’ என்பதை டிக் செய்ய மறந்தால் எல்லா லேயரும் ஒட்டி ஒரே படமாகிவிடும். மறந்தேன், இரண்டு தடவை.

மூன்றாவது தடவை வேறு கூத்து. லேயர் பெயரில் ‘ரீப்ளேஸ்’ என்று போட வேண்டும். நான் ‘கம்பைன்’ முறையில் விட்டுவிட்டேன். பழைய ஃப்ரேம் அழியாமல் புதியது மேலே ஏற, கடைசியில் எல்லா ‘வ’வும் ஒன்றின் மேல் ஒன்றாக, பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த தாள் மாதிரி ஆகிவிட்டது.

முதல் ஃப்ரேமுக்கு எங்கேயும் அலையவில்லை. பழனிக்குப் பக்கத்திலுள்ள பொருந்தலில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் 2009, 2010இல் அகழாய்வு செய்தார். ஒரு ஈமக்குழியில் கிடைத்த பிரிமனையில் ‘வயர’ என்ற தமிழி எழுத்துகள். அதே குழியில் இருந்த நெல்லைக் காலக்கணிப்பு செய்தபோது கி.மு. 490 வந்தது. எழுத்துக்கு அந்தக் காலத்தை ஏற்காத அறிஞர்களும் உண்டு, அதனால் ‘கி.மு. 490?’ என்று கேள்விக்குறியோடு போட்டேன்.

‘வயர’ கிடைத்தது நல்லதாகப் போயிற்று. ‘வ’வை மட்டும் தனியாகக் காட்டக்கூடாது என்று அதைப் பார்த்தபோதுதான் தோன்றியது. தமிழியில் ‘வ’ வட்டமும் கோடும், ‘ய’ நங்கூரம் மாதிரி. குழப்பமே வராது. பிற்கால வட்டெழுத்தில் ப, வ, ய, ன போன்றவற்றைப் பிரித்தறிவது படித்தவர்களுக்கே பெரும்பாடு. ஒரு எழுத்து பக்கத்து எழுத்திலிருந்து வேறுபட்டு நின்றால்தான் அது எழுத்து. தனி ‘வ’வை மட்டும் நெளிய விட்டால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. எனவே ‘வ’, ‘ய’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது பத்தியில் வட்டெழுத்து, வலது பத்தியில் தமிழ் எழுத்து என்று பிரித்தேன். இடதுபக்கம் பூலாங்குறிச்சி, மதுரை ஆனைமலை (கி.பி. 770), ஐவர்மலை. வலதுபக்கம் மகேந்திரவர்மன் காலத்து வல்லம் குடைவரை, தஞ்சைப் பெரிய கோயில், 1578இல் அச்சான தம்பிரான் வணக்கம். பிரிவதற்கு முன்னால் பொதுவாகப் பொருந்தலும் மாங்குளமும்.

நேரக் கணக்கு: ஒரு நூற்றாண்டுக்கு அரை செகண்ட். ஜிஃப்பில் காலம் செகண்டில் நூறில் ஒரு பங்காக எழுதப்படும், எனவே 50. அடுத்த சான்று வரும்வரை பழைய வடிவம் அப்படியே நிற்கும். மாங்குளத்திலிருந்து பூலாங்குறிச்சிவரை ஏறக்குறைய மூன்றரை செகண்ட் எதுவும் அசையாது. நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு “ஹேங் ஆயிடுச்சு போல” என்றார். இடையில் புகளூர்க் கல்வெட்டுகளைச் சேர்த்தால் அந்த நிற்றல் குறையும். தெளிவான படம் கிடைத்ததும் சேர்க்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் ஜிஃப்பும் ஒரு பொய் சொல்கிறது. ஃப்ரேம் மாறும் கணத்தில் பழையது போய்ப் புதியது வந்துவிடுகிறது. நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பெரியார் 1935இலேயே குடி அரசில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தார். தமிழக அரசு ஏற்றது 1978இல். இடையே நாற்பது வருஷத்துக்கு மேல். அரசாணைக்குப் பிறகும் என் தாத்தா தும்பிக்கை வைத்த ‘லை’யைத்தான் கடைசிவரை எழுதினார், அவர் திண்ணையில் உட்கார்ந்து நான் பாடப்புத்தகத்து ‘லை’யை எழுதினேன். அதற்கு மங்கலாகக் கரையும் ஃப்ரேம் வைக்கலாமே என்றால், மறுபடி யாரும் எழுதாத வடிவம் வந்துவிடும். இரண்டையும் ஒரே ஃப்ரேமில் அடுத்தடுத்து வைப்பதுதான் வழி என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

அந்த வாட்ஸப் ஜிஃப் முடிந்ததும் சட்டென்று பழைய வட்டத்துக்குத் திரும்பி மறுபடி ஓடும். இந்தச் சுழற்சி 1995இல் நெட்ஸ்கேப் சேர்த்த வசதி. 1989இன் ஜிஃப் வரையறையில் அது இல்லை. நான் அதை அணைத்துவிட்டேன். மொத்தம் பன்னிரண்டரை செகண்ட், ஒரே தடவை ஓடும். அதில் கடைசி ஐந்து செகண்ட் இடதுபக்கப் பத்தி காலி. “அந்தப் பக்கம் ஏன் ஒண்ணும் வரல?” என்று குழுவில் சித்தி கேட்டார். ஐவர்மலைக் கல்வெட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.