இரண்டு அங்குல வித்தியாசம்

நல்ல தோட்டாதான் நன்றாக விற்கும் என்று அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். 1955இல் வெளிவந்த இரண்டு தோட்டாக்களின் கதை தெரிந்தபின் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒன்று .243 வின்செஸ்டர், மற்றது .244 ரெமிங்டன். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. ரெமிங்டனின் பித்தளைக் கூடு சற்றுக் கூடுதலாகவே மருந்து கொள்ளும். ஆனால் தோற்றது அதுதான்.

கோளாறு துப்பாக்கிக் குழலில் இருந்தது. குழலுக்குள் ஓடும் திருகுப் பள்ளம்தான் குண்டைச் சுழற்றி நேராகப் பறக்க வைக்கிறது. குண்டு நீள நீளச் சுழற்சியும் வேகமாக வேண்டும். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. 100 கிரெய்ன் எடையுள்ள குண்டு தடுமாறாமல் பறந்தது. சிறு பிராணிகளைச் சுடத்தான் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்ட ரெமிங்டன், 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து 90 கிரெய்னோடு நிறுத்திக்கொண்டது. அதே துப்பாக்கியில் மானும் அடிக்க விரும்பியவர்கள் .243 பக்கம் போய்விட்டார்கள். பிறகு பள்ளத்தின் திருகலைத் திருத்தினார்கள். 1963இல் '6 எம்.எம். ரெமிங்டன்' என்று பெயரையும் மாற்றினார்கள். போன சந்தை திரும்பவில்லை.

தோட்டா விற்பதில் எழுத்துக்கும் பெரிய பங்குண்டு. 1925இல் வந்த .270 வின்செஸ்டரை 'அவுட்டோர் லைஃப்' இதழில் ஜாக் ஓ'கானர் பல ஆண்டுகள் கொண்டாடினார். கனத்த குண்டுகளின் பக்கம் நின்ற இன்னொரு துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் அதை மதிக்கவில்லை. 130 கிரெய்ன் குண்டு நொடிக்கு 3,000 அடிக்கு மேல் பாய்வதால் தொலைவிலும் அதிகம் தாழாது; அதுவரை ஓ'கானர் சொன்னது சரி. ஆனால் 1957இல் வந்த .280 ரெமிங்டனில் இன்னும் கனமான குண்டுகளுக்கும் இடமுண்டு. அரைத்தானியங்கித் துப்பாக்கிக்காக அழுத்தத்தைக் குறைத்து விற்றதால் அதன் திறமை வெளியே தெரியாமலே போயிற்று. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

2007இல் வந்த 6.5 கிரீட்மூரை வெறும் விளம்பரம் என்பாரும் உண்டு. 1894ஆம் ஆண்டின் ஸ்வீடன் 6.5×55 செய்யாத எதை இது செய்கிறது என்று கேட்கிறார்கள். மான் வேட்டையில் பெரிய வேறுபாடில்லைதான். ஆனால் கிரீட்மூர், நீண்ட குண்டுக்கு இடம்விட்டு, 8 அங்குலச் சுற்றோடு, குட்டையான போல்ட் அமைப்புக்கென்றே வடிவமைக்கப்பட்டது. 1955இல் ரெமிங்டன் தவறவிட்டதை இதைச் செய்தவர்கள் தவறவிடவில்லை.

அதோடு, அதிகம் விற்கும் தோட்டா சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். கிடைத்தால்தான் நிறையச் சுட்டுப் பழகலாம். பழகிய கைதான் மானைத் துடிக்கவிடாமல் ஒரே குண்டில் வீழ்த்தும். 6 எம்.எம். ரெமிங்டன் வைத்திருப்பவர் அந்தப் பயிற்சிக்கே தோட்டா தேடி அலைகிறார்.